கீழச்சுனைத் தொட்டியை மூடச் சொன்ன உத்தரவு

போலீஸ் ஜீப் அனுப்பியிருக்க வேண்டாம், ஐயா. சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறி நானே வந்திருப்பேன்.

என் பெயர் மலையாண்டி. கிராமக் குடிநீர் ஆணையத்தில் தலைமை எழுத்தர். இருபத்தாறு வருடத்தில் எட்டு இயக்குநர்களைப் பார்த்துவிட்டேன். கையெழுத்திடும் முன் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எட்டாவதாக வந்த ரோகிணி மேடம் பார்க்கவில்லை. "நீங்க அனுப்புனாப் போதும், யோசிக்க வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

சித்திரையில், பேரையூர்ப் பக்கம் கீழச்சுனைத் தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலந்திருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. தொட்டியை மூடி, லாரியில் தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு எழுதி என்னிடம் தந்துவிட்டு, மேடம் சென்னைக்குப் போனார். நான் அதை இழுப்பறையில் வைத்தேன். மதியம் போன் வந்தது.

"தொட்டிய மூடியாச்சா, மலையாண்டி?"

"மூடியாச்சு மேடம். லாரியும் போயிருச்சு."

இரண்டு நாள் போகட்டும் என்றுதான் நினைத்தேன். நானில்லாமல் ஒரு காகிதமும் நகராது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மூன்றாம் நாள் ஊரெங்கும் வாந்தி பேதி. ஏழு பேர் இறந்தார்கள். நான்கு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உத்தரவைக் கிழித்துப் போட்டேன்.

ஆணையக் குழுவில் நடந்த விவாதம் உங்களுக்குத் தெரியும். "அந்தம்மா ஊரையே கொன்னுருச்சு, வீட்டுக்கு அனுப்புங்க" என்றார் ஆளுங்கட்சி விருமாண்டி. "நேர்மையான பொம்பளையப் பலி குடுக்கப் பாக்குறீகளா?" என்றார் எதிர்க்கட்சி அப்துல் லத்தீப். மூன்று மணி நேரம் கத்தினார்கள். உத்தரவு போட்டதாகவும், மூடியாச்சு என்று நான் போனில் சொன்னதாகவும் மேடம் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தபால் பதிவேட்டைக் கேட்டார்கள். நான்தான் கொண்டுபோய் விரித்து வைத்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை. அன்று சாயங்காலமே பதவி நீக்கம்.

எந்தக் கட்சிக்கும் இதில் பங்கில்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை. நான் செய்ததுதான். எல்லோர் முன்னாலும் என்னை அப்படிப் பேசினால் மறுபடியும் செய்வேன்.

தண்ணீர் கெட்டிருப்பது புரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கீழச்சுனையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை அன்னக்கொடிக்கு, உத்தரவை இழுப்பறையில் வைத்த அன்றைக்கே போன் போட்டேன்: "நாலு நாளைக்குக் கேன் தண்ணி வாங்கிக்க. பக்கத்து வீட்டுல சொல்லாத." அவள்தான் உங்களிடம் வந்து சொன்னாளாம். பரவாயில்லை. அவள் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

மேடத்தை மறுபடி வேலையில் சேர்ப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. சேர்க்கட்டும், ஐயா. பக்கத்தில் விவரமான ஆள் இருந்தால்தான் அவரால் சமாளிக்க முடியும். நாளைக்கு நான் எத்தனை மணிக்கு ஆபீஸ் போகலாம்?