விங்காவின் தொண்டை

அந்த நாற்காலி வேண்டாம், தம்பி. ஜன்னலுக்கும் கதவுக்கும் நேர் நடுவே கிடக்கிறது. குறுக்குக்காற்று பின்னங்கழுத்தில் அடித்தால் நோய்தான். இப்படி அடுப்புப் பக்கம் வாருங்கள். ஷிபெனிக்கிலிருந்து இந்தத் தீவுக்குப் படகில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள், துறையிலிருந்து மேடேறியதில் வியர்த்தும் இருக்கும். பார்த்தீர்களா, சொன்னதுமே எழுந்துவிட்டீர்கள். போலீஸ் சட்டை போட்டிருந்தாலும் நம் ஊர்ப் பிள்ளை. டோர்கிலாக இருந்தால் சிரித்திருப்பார்.

அவர்தான் டென்மார்க்கிலிருந்து புகார் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். நல்ல மனிதர், நான் குறை சொல்ல மாட்டேன். செல்லோ வாசிக்கிற கை, மென்மையான கை. ஆனால் கொட்டும் பனியிலும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற ஜனங்கள் அவர்கள். கைக்குழந்தையைக்கூட வண்டியோடு வாசலில் விட்டுத் தூங்க வைப்பார்களாம்.

என் தங்கை விங்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வியன்னா, மிலான், புவனோஸ் அய்ரெஸ் என்று எல்லா ஊர் மேடையும் அவளுக்காக எழுந்து நின்றது. எனக்குத் தெரிந்த விங்கா வேறு. அம்மா போனபோது அவளுக்குப் பால்பல் விழவில்லை. நான் மத்தி மீன் டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தேவாலயத்தில் அவள் முதல்முறை தனியாகப் பாடியபோது பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் தொண்டை என் பொறுப்பு. கழுத்துத் துண்டு இல்லாமல் வாசல் தாண்ட விட்டதில்லை. தலைக்குக் குளித்தால் ஈரம் காயும்வரை ஒரு கதவு திறக்காது. பாறைச்சரிவில் நானே பறித்த கடூல்யா மூலிகை இலையைக் கொதிக்கவைத்து, தேன் விட்டு, காலையும் மாலையும் கையில் கொடுப்பேன்.

அவள் வெளிநாடு போக ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போனேன். எந்த ஓட்டலானாலும் முதல் காரியமாக ஜன்னல் இடுக்கில் துணி அடைப்பேன். உடுப்பு மாட்டிவிடுவேன். ஒத்திகையில் கடைசி வரிசையில் போய் உட்காருவேன். அதுதான் என் நிஜமான வேலை. பாடுகிறவருக்குத் தன் குரல் வெளியே எப்படி விழுகிறதென்று தெரியாது. மண்டைக்குள் வேறு மாதிரிக் கேட்குமாம். இறங்கி வந்ததும் என்னைத்தான் பார்ப்பாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. மத்தபடி மணிதான்."

"நீ சொன்னா சரி. என் காது உன் தலையிலதான இருக்கு."

பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதுவார்கள். அவள் வாசிக்கவே மாட்டாள். நான் சொன்னால் போதும்.

ஊர் வாய் எப்படி என்று தெரியுமே. பக்கத்து வீட்டு பெரினா துறையில் எல்லார் முன்னாலும் கேட்பாள்: "ஏண்டி டோப்ரிலா, தங்கச்சி ராஜாங்க முன்னாடி பாடறா, நீ அவ காலுறையத் துவைச்சுக்கிட்டுத் திரியற. உனக்குன்னு ஒரு புருஷன் காலுறையாவது வேணாமா?" நான் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன். அவளுக்கு என்ன தெரியும்? கைத்தட்டல் வரும்போது பாதி எனக்கு என்று விங்காவே சொல்லியிருக்கிறாள்.

டோர்கில் வந்தது கோப்பன்ஹேகனில். என்னை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க அவள் அவர் வீட்டில் தங்கினாள். திரும்பி வந்து, இதோ இந்த மேஜையில், கீரையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"அக்கா, ஸாக்ரெப் கச்சேரி முடிஞ்சதும் நாங்க கல்யாணம் பண்ணிக்கிறோம். நான் அங்கயே இருந்துடறேன். உடுப்புக்கு ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணிட்டாங்க. நீ எனக்காக உழைச்சது போதும்க்கா. இனிமே வீட்டுல காலை நீட்டி உட்காரு."

அன்பாகத்தான் சொன்னாள். என் தட்டில் இன்னொரு கரண்டி கீரையும் வைத்தாள்.

வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து நான் எதைக் கேட்பது, தம்பி? கடலையா?

தொண்டை மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து முன்பே ஒன்று சொல்லியிருந்தார். பாடும் காலத்தில் ஆஸ்பிரின் ஆகாது. அது ரத்தத்தை இளக்கிவிடும். உரத்துப் பாடும்போது குரல்நாணில் கசிவு வந்துவிடும் என்றார். நான்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். விங்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக எல்லாவற்றையும் கேட்டு வைப்பது என் வழக்கம்.

ஸாக்ரெப் கச்சேரிக்கு முந்தைய வாரம் அவளுக்கு லேசாகச் சளி பிடித்தது. கடூல்யா கஷாயத்தில் ஆஸ்பிரினைப் பொடித்துப் போட்டேன். இலையின் கசப்பில் தெரியாது. தேனும் கூடுதலாக விட்டேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு கச்சேரியில் கொஞ்சம் தடுமாறினால் போதும், என் அருமை அவளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான்.

கச்சேரி அன்று ஒத்திகையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மேல போகும்போது என்னவோ பிடிக்குது. ரத்து பண்ணச் சொல்லிடட்டுமா? உண்மையைச் சொல்லு."

எனக்கும் கேட்டிருந்தது. நல்ல துணியில் முதல் இழை விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"மணி மாதிரி இருக்கு," என்றேன். "பாடு."

பாடினாள். இரண்டாம் பகுதியில், ஒரு நீண்ட சுரத்தின் நடுவில், குரல் நின்றது. உடையவில்லை, கரகரக்கவில்லை. வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் இல்லை. வாத்தியக்காரர்கள் இன்னும் கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டே போனார்கள். அவள் மேடையிலிருந்து கடைசி வரிசையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய அரங்கில் என்னைத் தேடித்தான் பார்த்தாள்.

குரல்நாணில் ரத்தக்கசிவு என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. ஆஸ்பிரின் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். விங்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். உறுதிக்கு என்னைப் பார்த்தாள். நானும் ஆட்டினேன்.

பழி யார் மேல் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தீவுக்கு வந்து இறங்கியதுமே பெரினா ஓடி வந்தாள்: "அந்த டேனிஷ்காரன் வீட்டு ஜன்னல்தானே? எனக்குத் தெரியும். தலைமாட்டுல குளிர்காத்து. கொன்னுட்டான் பாவி." ஆமாம் என்றுகூட நான் சொல்லவில்லை, பெருமூச்சுதான் விட்டேன். அடுத்த வாரம் ரொட்டிக்கடையிலிருந்து பத்திரிகை வரை அதுவே பேச்சு. குறுக்குக்காற்று என்றால் நம் நாட்டில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? விங்காவும் நம்பினாள். சிறு பலகையில் எழுதிக் காட்டினாள்: 'அவர் ஜன்னலைத் திறந்தப்பவே உன்னை நினைச்சேன்க்கா.' எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் வரக்கூடாதே என்று அழுகையையும் அடக்கிக்கொண்டாள், பாவம். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக அவளுக்கு நான் அவ்வளவு தேவைப்பட்டதில்லை.

ஆறு வாரம் கழித்து ஸாக்ரெப்புக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்தார் மருத்துவர். அவள் உள்ளே துண்டைச் சுற்றிக்கொண்டிருக்க, என்னிடம் தாழ்வாரத்தில் சொன்னார்: "நல்லா ஆறிடுச்சும்மா. இன்னையிலருந்து மெதுவாப் பேச ஆரம்பிக்கட்டும். ஆறு மாசத்துல பழையபடி பாடுவாங்க. அதிர்ஷ்டக்காரி."

விங்கா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிற அதே பார்வை.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்டா கண்ணு," என்றேன். "பேசிடாத. ஒரு வார்த்தை பேசினாலும் எல்லாம் போயிடுமாம்."

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், காபி ஆறுகிறது. கஷ்டமாக ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவது நான்தான். அவளால் பேச முடியாதே. 'இன்னும் ஒரு குளிர்காலம்' என்கிறார் என்பேன். சரியென்று தலையாட்டுவாள். டோர்கில் கூப்பிட்டால் 'அவ பேச விரும்பல' என்பேன். அது பொய்யில்லை. அவருக்கு அனுப்பச் சொல்லி அவள் எழுதிக் கொடுக்கும் கடிதங்களை அடுப்பில் போட்டுவிடுகிறேன். பழைய காயத்தைக் கிளறுவானேன்? சில காலைகளில் அவள் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, ஒரு பாட்டு முழுவதையும் பாடி முடிப்பாள். நான் இந்தப் படியில் உட்கார்ந்து கேட்பேன். எனக்குக் கேட்கும், தம்பி. ஒரு சுரம் தப்பாது. முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். மணி மாதிரி இருந்தது என்று தலையாட்டுவேன்.

அதனால் அவளை வைத்துக் கொடுமைப்படுத்துகிறேன் என்று அந்த மனிதர் எழுதியிருந்தால் அது அநியாயம். நீங்களே தோட்டத்துக்குப் போய் அவளைக் கேளுங்கள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.