பஞ்சு ஒட்டிய தாடை

முதலில் ஒரு சின்ன விஷயம், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் இடது கிருதா வலதைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. என் எதிர்க்கடைக்காரன் வேலை என்று பார்த்தவுடனே தெரிகிறது. நீங்கள் எழுதி முடியுங்கள், பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

நாற்பத்தாறு வருஷமாகச் சவரம் செய்கிறேன். என் கையால் யாருக்கும் ரத்தம் வந்ததில்லை. ஒருமுறை நிலம் ஆடிப் பக்கத்துக் கடைச் சுவரே சரிந்தது. என் கத்திக்குக் கீழே இருந்தவருக்கு மீசையில் ஒரு முடி தப்பாக விழவில்லை. இன்னொரு முறை, விடாமல் தும்மிக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு தும்மலுக்கு நடுவில் முழுத் தாடியையும் எடுத்தேன். சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் இரண்டு பேரும் இப்போது இல்லை. அது வேறு காரணங்களால்.

மச்சான், அதாவது என் தங்கை வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என்னையும் அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். விசிலை ஒப்படைத்தார், தொண்டையை ஒப்படைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் மூன்றாவது தெருவில் பதில் சொல்வார்கள். தங்கைக்குக் கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு, அவர் வீட்டு ஜன்னலோர நாற்காலியில், நான்தான் அவருக்குச் சவரம்.

நாலு மாசத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை. டாக்டர் தங்கையிடம் ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினார். "இனிமே கத்தி வேண்டாம் பெரியவரே. மெஷின்லயே ஷேவ் பண்ணிக்கட்டும்" என்றார். செருப்பால் அடித்திருந்தாலும் துடைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

மச்சான் மெஷினைத் தொடவில்லை. என் கை இருக்கும்போது அது எதற்கு என்றார். அந்த விசுவாசத்தை நான் மறக்கமாட்டேன். அடுத்த வாரமே தாடையில் கத்தி பட்டது. படிகாரம் வைத்தேன், நிற்கவில்லை. பஞ்சு வைத்தேன், சிவந்தது. அரைமணி நேரம் ஓடியது. என் கை நடுங்கியதாகத் தங்கை உங்களிடம் சொல்லியிருப்பாள். கை இல்லை ஐயா, ரத்தம்தான் மெலிந்திருந்தது. பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டு வடிகட்டியைக் குறை சொன்னால் எப்படி?

மச்சான் அந்தப் பஞ்சோடு நேரே டீக்கடைக்குப் போனார். "மச்சானுக்குக் கை போச்சுப்பா. ஷேவ் பண்ணச் சொன்னா ரத்ததானம் வாங்குறார்" என்றார். டீக்கடை சிரித்தது. தெரு சிரித்தது. தினமும் ஒரு புதுப் பஞ்சு, ஒரு புது நகைச்சுவை. தபால்காரர் எதிர்க்கடைக்கு மாறினார். தலையில் எட்டு முடி உள்ள தலைமையாசிரியரும் அந்த எட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். நாற்பத்தாறு வருஷப் பெயர், அவ்வளவும் ஒரு மாத்திரையால்.

ஆகவே மாத்திரையை எடுத்தேன்.

தங்கை ஞாயிறுதோறும் ஏழு அறை உள்ள டப்பாவில் வாரத்துக்கானதை நிரப்பி வைப்பாள். அவள் காப்பி போடும்போது, மச்சான் முகம் கழுவும்போது, அன்றைய இளஞ்சிவப்பை எடுத்துவிட்டு வேறோர் இளஞ்சிவப்பை வைப்பேன். சத்து மாத்திரை, நல்ல ரகம். ஏமாற்றினேன் என்று எழுதாதீர்கள். சுண்ணாம்புக்கட்டியா வைத்தேன்?

பத்தே நாளில் படிகாரம் பட்டதும் ரத்தம் நின்றது. மச்சான் பஞ்சில்லாத தாடையோடு டீக்கடையில், "மச்சான் கை திரும்பி வந்துடுச்சுப்பா" என்று கூவினாராம். தபால்காரர் திரும்பி வந்தார். எட்டு முடியும் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன்னால் இந்த வயதில் ஓர் ஆட்டம் ஆடினேன்.

இருபதாம் நாள், வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை. "நெஞ்சைப் பிசையுது மச்சான்" என்றார்.

"ஆடாதீங்க மச்சான், முடிஞ்சுது" என்றேன்.

பாதி முகத்தோடு ஆளை எழுப்புவது எங்கள் தொழிலில் இல்லை. அவரும் சொன்னபடியே ஆடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு ஒத்துழைத்தார். இடது கன்னத்தில் கத்தி இரண்டு இடத்தில் பட்டது. ஒரு துளி வரவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, அதன் பிறகுதான் தங்கையைக் கூப்பிட்டேன்.

எடுத்த மாத்திரைகளை என் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மருந்தை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை. அவர் போன மூன்றாம் நாள் தங்கை அதைத் திறந்துவிட்டாள். இருபதையும் உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். "அண்ணா, அன்னிக்கு டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே?" என்றாள்.

உட்கார்ந்திருந்தேன். ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் ஸ்டென்ட் அடைத்து உயிர் போகும் என்றார். என் காது நன்றாகக் கேட்கும், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் எடுத்தேன். இருபது நாளும் ஒவ்வொரு காலையும் தெரிந்துதான் எடுத்தேன். அதற்காகக் கொலைகாரன் என்கிறாள், பாவம், துக்கத்தில் இருக்கிறாள். அவள் புருஷனை என் கத்தியால் ஒரு துளி ரத்தம் சிந்தாமல் வழியனுப்பினேன் என்பதை அவளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

காகிதத்தை இப்படித் தள்ளுங்கள். எங்கே, இங்கேயா?

கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழும். உங்கள் மேசை ஆடுகிறது.