ஆண்டவருக்கு ஒதுக்கிய பிடியரிசி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம், சிங்காநல்லூரிலிருந்து பல்லடம் போகும் பேருந்து. முன்னிருக்கையில், ஆராதனை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். மூத்தவர் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஏன் அம்மணி எஸ்தரு, ஆண்டவரோட அரிசிய யாருக்கோ தூக்கிக் குடுத்துப்போட்டியாமா?"

"ஆமாங்க்கா. தெனமும் சோறாக்கறப்ப கோயிலுக்குன்னு ஒதுக்குற பிடியரிசிதானுங்க. பக்கத்து ஊட்டு ஒடிசாக்காரப் புள்ளைக்குக் குடுத்தேன். புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி. புருசனுக்குத் தறியில வேல இல்ல. அடுப்பே எரியலீங்க."

"கோயில்ல வெச்சு ஜெபம் பண்ணித்தான் ஏழைங்களுக்குக் குடுக்கோணும். அதுக்குத்தான பண்டிகைக்கு மேடை போடறோம்?"

"மேடை போடற வரைக்கும் அவ பட்டினி கெடக்கோணுமாக்கா?"

"அவங்க நம்ம சபையும் இல்ல. வெளியூருக்காரங்க."

"ஆண்டவரு பொறந்தப்ப அவுங்கம்மாளும் வெளியூருதானுங்க. அன்னைக்கும் இப்படித்தான் சத்திரத்துல எடமில்லைன்னாங்க!"

"வாய் பேசாத. அரிசி கோயிலுக்கு வந்தாகோணும்."

"அப்படீங்களா? என்னோட எறங்குங்க, அவ ஊட்டக் காட்டறேன். பானையில மிச்சம் இருக்கும். நீங்களே அவகிட்டக் கேட்டு வாங்கிக்கங்க."

பேருந்து நின்றது. எஸ்தர் கீழே இறங்கி, படியருகே காத்து நின்றார்.

"வேற யாராச்சும் எறங்கறீங்களா?" என்றார் நடத்துநர்.

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் அடுத்த ஸ்டாப்புங்க."