வெற்றுக் கோப்பினைக் காவல் வைத்த வித்தகருக்கு

ஆணைத் தொடர்களை அடக்கி ஆண்ட அண்ணலே, அச்சுப்பொறி அடம்பிடித்தாலும் அதட்டாமல் ஆற்றுப்படுத்திய ஆற்றலே, இம்மருத்துவமனைக் கணினிப் பிரிவின் மூத்தவரே, எங்கள் பூட்டண்ணனே, வணக்கம்!

தங்கள் பணிக்காலம் முழுவதையும் புகழப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகவே ஒரே ஒரு முற்பகலைச் சொல்லி அமர்கிறோம். அன்று ஆடிப்போனவர், தங்கள் பணிநிறைவு விழாவான இதற்குத் தலைமையேற்றிருக்கும் நம் மேலாளர்.

குருதிப் பைகளுக்கான சீட்டுகளை அச்சிடத் தாங்கள் எழுதிய ‘ஸ்கிரிப்ட்’ என்னும் ஆணைத் தொடர், சில நிமிடங்களுக்கொருமுறை தானே எழுந்து ஓடும். ஒன்று ஓடுகையில் இன்னொன்று நுழையாதிருக்க, ஒரு வெற்றுக் கோப்பின்மேல் ‘ஃப்ளாக்’ என்னும் கட்டளையால் பூட்டுப் போட்டிருந்தீர்கள். சுத்தம் சோறு போடும் என்னும் கொள்கையுடைய மேலாளர், ஓர் எழுத்துமில்லாத அக்கோப்பைக் கண்டார், குப்பையென அழித்தார், மனநிறைவோடு மச்சானைப் பார்க்கப் போனார். மச்சான் அறுவை அரங்கில் கிடந்தார்.

வாசலில் செவிலியர் இரு சீட்டுகளோடு நின்றார். “சார், இவரு காலையில ஓ குரூப்பு. இப்ப ஏபி. ஆளு மட்டும் அதே ஆளுதான். எதை ஏத்துறது?”

மேலாளர் இரு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவிக்கு என்ன பதில் சொல்வது? அவர் முகம் வெளுத்த வெளிச்சத்தில், அரங்கின் விளக்கொன்றை அணைத்துவிட்டு வேலை பார்த்ததாக மருத்துவர் இன்றும் சொல்வார்.

மூச்சிரைக்க ஓடி வந்தவர் தாங்கள்தாம். “ரெண்டு சீட்டையும் கிழிங்க. மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்க. ஸ்கிரிப்ட் ரெண்டு ஒண்ணா ஓடி, இவரு பேருக்குக் கீழ வேற யாரு குரூப்போ விழுந்திருக்கு.” பிறகு மெல்லத் திரும்பினீர்கள். “பூட்டு ஃபைலத் தொட்டீங்களா சார்?”

“காலியாத்தானேய்யா இருந்துச்சு.”

“உள்ள ஆள் இருக்கையில கழிப்பறைக் கதவைக் கழட்டிட்டீங்க சார். அடுத்து வந்தவன் புதுக் கதவு மாட்டித் தாழ்ப்பாள் போட்டுட்டான். ரெண்டு பேரும் தனியா இருக்கிறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க.”

மறுசோதனையில் ஓ என்றே வந்தது. உரிய குருதி ஏறிற்று, மச்சான் பிழைத்தார். அன்றே தாங்கள் தனிக்கோப்பை விட்டு, பூட்டை ஸ்கிரிப்டின் மேலேயே போட்டீர்கள்.

“அந்த ஸ்கிரிப்டையே யாராவது அழிச்சுட்டா?” என்றார் மேலாளர், குரல் இறங்கி.

“அப்ப ரெண்டு ஓடாது சார். ஒண்ணுகூட ஓடாது. உங்க மச்சானுக்கு நானே கையால சீட்டு எழுதித் தரேன்.”

நிதானமே நிழலாக நின்றவரே, நோய்நொடி நெருங்காமல், எங்கள் சீட்டு எதுவும் தங்கள் பெயரைத் தாங்காமல், நெடுங்காலம் நலமாக வாழ்க.

அன்பில் பிணைந்த
கணினிப் பிரிவினர், குருதி வங்கியினர்,
மற்றும் இனி எந்தக் கோப்பையும் தொடுவதில்லை என்று மனைவியிடம் வாக்களித்துள்ள மேலாளர்