மூணு தாடை ராஜா என்னை மட்டும் கடிக்கல

இல்ல அண்ணி, தண்ணி வேணாம். காபியும் வேணாம். அண்ணனை வெளிய வரச் சொல்லுங்க, அது போதும். தூங்குறாரா? இந்நேரத்துக்கா? வெளியில இன்னும் வெயிலே இறங்கல. வாசல்ல பாத்தேனே, அவரு செருப்பு ஒண்ணு இங்க கிடக்கு, இன்னொண்ணு மாடிப்படிகிட்ட கிடக்கு. நிதானமா வீட்டுக்கு வந்த மனுஷன் அப்படியா கழட்டிப் போடுவாரு? என் வண்டிச் சத்தம் கேட்டு உள்ள ஓடியிருக்காரு.

சரி சரி, தூங்கட்டும். எழுந்திரிக்கிற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன். இந்த நாற்காலிதான் எனக்குப் பழக்கம், ஞாயித்துக்கிழமை இதுலதானே உக்கார்றேன். நீங்களும் உக்காருங்க. அடுப்பை அணைச்சுட்டு வந்தே உக்காருங்க, நான் சீக்கிரம் போறதா இல்ல.

ஆமா, நான் இவ்வளவு பேசி நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எத்தனை நாளா வர்றேன் இந்த வீட்டுக்கு? போதும் அண்ணி, வேணாம் அண்ணி, வர்றேன் அண்ணி. இதைத் தாண்டி நாலாவதா ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்திருக்காது. இன்னிக்கு வருது. கேட்டுக்கங்க.

யாரு மேல கோவமா? மூணு தாடை ராஜா மேல. சிரிக்காதீங்க அண்ணி, நிஜமாத்தான் சொல்றேன். உங்க சாமான் அலமாரியில கண்ணாடி டம்ளருக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்காரே, மெழுகுல செஞ்ச பொம்மை, மூணு வாயோட, அதேதான். அது வாயில இருக்கற பல்லெல்லாம் யாரு செஞ்சதுன்னு தெரியுமா? நான். பல்லு செட்டு செய்யற எங்க லேப்ல, சூளையில வெச்சு, நிஜமான நோயாளிக்குச் செய்யற மாதிரியே பக்குவமா சுட்டு, ஓரத்துல லேசா மஞ்சள் ஏத்திச் செஞ்சு குடுத்தேன். கடவாய்ப்பல்லுல ஒரு சொத்தைகூட வெச்சேன். கெட்டவன் பல்லு விளக்குவானா, அதான். அந்தப் பல்லு இப்ப ஊரையே கடிக்குது, என்னை மட்டும் கடிக்க மாட்டேங்குது.

விளையாட்டுதானேம்மாவா? நீங்க சமையக்கட்டுலேருந்து பாக்கறீங்க, உங்களுக்கு நாலு பேரு மேஜையைச் சுத்தி உக்காந்து கத்துற மாதிரிதான் தெரியும். விஷயம் என்னன்னா, நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு வேஷம். நான் கேடயக்காரி. பிளாஸ்டர் ரூம்ல அச்சு ஊத்துறானே, தலையெல்லாம் வெள்ளையா வருவானே, மாவு, அவன் மந்திரவாதி. எனக்குப் பக்கத்து டேபிள் கண்ணாடி அக்கா வில்லு விடற ஆளு. மிச்சம் எல்லாம் எங்க சூப்பர்வைசரு, உங்க வீட்டுக்காரருதான். மழையும் அவரு, குதிரையும் அவரு, சத்திரத்துக்காரனும் அவரு, ராஜாவும் அவரு. அடிச்சா படுமா படாதான்னு இருபது பக்கம் உள்ள பகடையை உருட்டிப் பாக்கணும். பெரிய எண்ணு விழுந்தா அடி படும். நாங்க உருட்டுறது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அவரு மட்டும் அட்டை மறைப்புக்குப் பின்னாடி உருட்டுவாரு. என்ன விழுந்துச்சுன்னு அவரு சொல்றதுதான் கணக்கு. நாங்க நம்பணும். நம்பினோம்.

கதை நடத்தறவங்க அப்பப்ப மாத்தத்தான் செய்வாங்க, மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல அண்ணி. நானும் விவரம் தெரிஞ்சவதான். கெட்டவனைக் கூட்டிக் குறைச்சுத்தான் நடத்த முடியும். மாவு ஒரு நாள் ராஜாவோட கோட்டைத் தண்ணித் தொட்டியிலயே ஈர பிளாஸ்டரைக் கொட்டி உறைய வெச்சுட்டான். ஒரே சிரிப்பு. உடனே உங்க ஆளு என்ன பண்ணாரு? கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினாரு. அடுத்த நிமிஷம் ராஜாவுக்கு ரெண்டாவது படை மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்துடுச்சு. அது அதுக்கு முன்னாடி இல்லவே இல்ல, எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அது நியாயம். நீ கெட்டிக்காரத்தனமா ஆடினே, நானும் ஆடறேன்னு அர்த்தம். கண்ணாடி அக்கா பையனுக்குக் காய்ச்சல்னு அரை மனசா உக்காந்திருந்த அன்னிக்கு, காவல்காரங்க பாதிப் பேரைத் தூங்க வெச்சாரு. அதுவும் சரிதான். எல்லாருக்கும் சேர்த்துச் செஞ்சாரு.

என்னை எப்படியெல்லாம் படுத்தியிருக்காரு தெரியுமா! என் குதிரையைக் கொன்னாரு. கேடயத்தை உருக்கிக் கதவுக்குத் தாழ்ப்பாள் பண்ணாரு. நான் ரகசியம் சொல்லி வெச்சிருந்த சத்திரத்துக்காரனையே ராஜா பக்கம் சாய வெச்சாரு. மறுநாள் லேப்ல எனக்கு வேலையே ஓடல, ஒரு அம்மாவோட முன்பல்லுக்கு வேற யாரோட கலரையோ போட்டு, திருப்பி மொதல்லேருந்து செஞ்சேன். ஆனா சந்தோஷமா இருந்துச்சு அண்ணி. இது எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒருத்தர் என்னைத் தோக்கடிக்கறதுக்காக ராத்திரி எல்லாம் உக்காந்து யோசிச்சிருக்காருன்னா, நான் ஒரு ஆளுன்னு அர்த்தம். அது மரியாதை. பஸ்ல எனக்கு யாரும் இடம்கூட விட மாட்டாங்க, ஏன்னா நான் நிக்கறதே தெரியாது. அந்த மூணு தாடைக்காரனுக்கு மட்டும் நான் எங்க நிக்கறேன்னு எப்பவும் தெரியும்.

அப்புறம் திடீர்னு ஒரு நாள்லேருந்து மாறிடுச்சு.

மொதல்ல எனக்கும் புரியல. விஷ அம்பு வருது, மாவு மேல படுது. தரை பிளக்குது, எனக்குப் பக்கத்துல பிளக்குது. பூதம் மூணு பேரையும் பாக்குது, என்னைப் பாத்ததும் அதுக்கு வேற வேலை ஞாபகம் வந்துடுது. புதையல் பிரிச்சா எனக்குத்தான் நல்ல கத்தி. ராஜாவே ஒரு நாள் எதிர்ல வந்து நின்னு, வீராங்கனையே, உன் தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு, போய்ட்டு வான்னு சொல்றான். போய்ட்டு வாவாம்! யாரு, பச்சைக் குழந்தை இருந்த ஊரைக் கொளுத்தினவன்! மாவு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். என்ன, ராஜா வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரப்போறாரான்னு கேக்கறான். அன்னிலேருந்து லேப்ல எனக்குப் பேரே ராணியம்மா.

நானும் என்னென்னமோ நினைச்சேன். பொண்ணுன்னு பாவம் பாக்கறாரோ. அப்ப கண்ணாடி அக்கா மட்டும் என்ன, ஆம்பளையா? அவங்களுக்குக் கை போச்சு, கதையில. நான் சின்னப் பொண்ணு, அழுதுடுவேன்னு நினைக்கறாரோ. என் ஆட்டம் மட்டமா போச்சோ, அதனால தாங்கிப் பிடிக்கறாரோ. ராத்திரி படுத்துக்கிட்டு ஒவ்வொரு சண்டையா யோசிச்சேன். இது நான் ஜெயிச்சதா, அவரு குடுத்ததா? பாலத்துக்கு முன்னாடி ஜெயிச்சேனே, அது? அதுக்கும் முன்னாடி? ஒண்ணுல பொய் இருந்தா எல்லாத்துலயும் சந்தேகம் வந்துடுது அண்ணி. உருப்படியா நான் செஞ்சதுன்னு எதை எடுத்து வெச்சுக்கறது?

எந்தப் பாலமா? அதைத்தான் சொல்ல வர்றேன். போன ஞாயித்துக்கிழமை. சுரங்கத்துல அடைச்சு வெச்சிருந்த ஜனங்களை விடுவிச்சுட்டோம். அவங்க கயித்துப் பாலத்தைத் தாண்டணும். பின்னாடியே ராஜா வர்றான். நான் சொன்னேன், நீங்க எல்லாம் போங்க, நான் இந்த முனையில நிக்கறேன். செத்துடுவேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கேடயக்காரி அப்படித்தான் சாகணும்னு ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்தேன். கடைசியா பேசறதுக்கு நாலு வரிகூடத் தயார் பண்ணி, பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டுச் சொல்லிப் பாத்திருக்கேன். நீங்க சிரிச்சாலும் பரவால்ல. நாலு பேரு முன்னாடி சத்தமா பேச எனக்குக் கிடைச்ச ஒரே இடம் அந்த மேஜைதான்.

ராஜா கோடாலியை ஓங்கறான். அண்ணன் உருட்டுறாரு. வேகம் கூடிடுச்சோ என்னவோ, பகடை மறைப்பைத் தாண்டித் தெறிச்சு, மேஜையிலேருந்து விழுந்து, என் கால்கிட்ட வந்து நின்னுச்சு. குனிஞ்சு பாத்தேன். இருபது.

இருபதுன்னா அதுக்கு மேல இல்ல அண்ணி. பட்டே தீரணும். கேடயமும் தாங்காது, ஒண்ணும் தாங்காது. நான் நிமிர்ந்தேன். அவரு என்னைப் பாக்கல. அட்டையையே பாத்துக்கிட்டு, பலகை ஈரமா இருந்ததால ராஜா வழுக்கி ஆத்துல விழுந்துட்டான்னாரு.

வழுக்கி! விழுந்துட்டான்! மூணு தாடை, ஏழு அடி, மலையையே பிளக்கறவன், பலகையில வழுக்கிட்டானாம்!

பகடையை எடுத்து, அந்த எண்ணு மேல தெரியற மாதிரியே அவரு முன்னாடி வெச்சேன். அவ்வளவுதான். அவரு அதைச் சட்டுனு கையால மூடிட்டாரு. மாவும் அக்காவும் கைதட்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்ககூட எட்டிப் பாத்து, ஜெயிச்சுட்டீங்களான்னு கேட்டீங்களே. ஆமா அண்ணின்னு சொன்னேன்.

ஆமா, அதைக் கேக்கத்தான் வந்தேன்னு வெச்சுக்கங்க. மறுநாள் லேப்லயே கேட்டிருக்கலாமேவா? கேக்கத்தான் போனேன். பையைக்கூட கீழ வைக்கல, முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டுட்டாங்க. இப்ப நான் அங்க வேலை பாக்கல அண்ணி. திங்கக்கிழமையிலேருந்து.

உங்களுக்குத் தெரியாதா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. அப்ப உங்ககிட்டயும் அட்டையை வெச்சு மறைச்சுத்தான் உருட்டியிருக்காரு.

பெருசா ஒண்ணுமில்ல. வேலை வரத்து குறைஞ்சுபோச்சாம், கலர் போடற டேபிளுக்கு ஒரு ஆள் போதுமாம். யாரை நிறுத்தறதுன்னு உங்க சூப்பர்வைசரைப் போன மாசமே கேட்டுட்டேன், அவரு உங்க பேரைச் சொன்னாருன்னு முதலாளி சொன்னாரு. என் வேலை சரியில்லையா சார்னு கேட்டேன். சேச்சே, வேலையில குறையே சொல்ல முடியாது, நீங்கன்னா சத்தம் போடாம போயிடுவீங்கன்னு சொன்னாரும்மா, அப்படின்னாரு. ரொம்ப நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு. டீகூட வரவழைச்சாரு.

போன மாசம். சரியா எந்த வாரம் ராஜா என்னைப் பாத்துப் பல்லை இளிக்க ஆரம்பிச்சானோ அந்த வாரம்.

என் பேரைச் சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல அண்ணி. கலர் போடறது நானும் கண்ணாடி அக்காவும்தான், அக்காவுக்கு ரெண்டு பசங்க, வீட்டுக்காரரு வெளியூர்ல. நான் அவரு இடத்துல இருந்தாலும் எனக்கு வேற பேரு வாயில வந்திருக்குமான்னு தெரியல. ஆனா அதுக்கப்புறமும் தினம் என் டேபிளுக்கு வந்து நின்னாரே! பல்லை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, சபாஷ்னாரே! போன வாரம் நான் புது வீட்டுக்கு மாறினேன், வாடகை கூடத்தான், வேலை இருக்குங்கற தைரியத்துல. என் கட்டிலை மூணாவது மாடிக்குத் தூக்கிக் குடுத்தது யாரு? இவரு! மூச்சு வாங்க வாங்க ஏறினாரு. ஒவ்வொரு படியிலயும் சொல்லியிருக்கலாம். கட்டிலைக் கீழ வெச்சுட்டு, இங்க காத்து நல்லா வரும்மான்னாரு. காத்து! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பழைய ரூம்லயே இருந்திருப்பேனே!

நீங்க எதுக்கு அண்ணி கண்ணைத் துடைக்கறீங்க? நீங்க என்ன பண்ணீங்க? உக்காருங்க. எழுப்பப் போக வேணாம்.

இல்ல, திரும்பி வேலை கேட்டு வரல. நாளைக்கு வேற ஒரு லேப்ல வரச் சொல்லியிருக்காங்க. பழைய இடத்துல ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுத்தான் எடுப்போம்னாங்க. இவரு நம்பரைத்தான் குடுத்திருக்கேன், வேற யாரு நம்பரைக் குடுக்கறது? காலையில இவருக்கு போன் வரும். அதுக்குத்தான் வந்தேன்.

எனக்குத் தெரியும் இவரு என்ன பண்ணுவாருன்னு. மனசு உறுத்தும். அள்ளி விடுவாரு. இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்ல, தங்கம், வைரம்னு. வேணாம் அண்ணி. முன்பல்லுக்குக் கலர் போடறதுல அந்த லேப்ல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல, அதைச் சொல்லட்டும். கடவாய்ப்பல்லுக்கு நான் நேரம் எடுத்துக்குவேன், அதையும் சொல்லட்டும். அவசர வேலைன்னா எனக்குக் கை ஓடாது. அதையும்தான். அவ்வளவுதான் நான். அதைக் கேட்டுட்டு எடுத்தா எடுக்கட்டும், விட்டா விடட்டும். அந்த ஒரு வேலையாவது எனக்கு யாரும் வழுக்கி விழுந்து கிடைச்சதா இருக்கக் கூடாது.

நீங்க போய்ச் சொல்ல வேணாம் அண்ணி, அவருக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். கட்டில் கிறீச்சுன்னுச்சு பாருங்க.

என்ன அண்ணே, கேட்டுச்சா? இல்ல, இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லவா?