மழை பெய்யாத நாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரெண்டு லொறி வாங்கினவன் நான். எந்தச் சபையிலும் என் வாய்தான் முந்தும். கல்முனை பஸ்ஸில் ஒரு நாள் அந்த வாய் மூடிக் கிடந்தது. முன் ஆசனத்தில் நற்பிட்டிமுனை விவசாயி ஒருவர், பக்கத்தில் இருந்த, ஊர் ஊராக மழைக் கணக்குச் சேர்க்கும் ஆராய்ச்சிக் கந்தோர்க் கிளாக்கரிடம் சொன்னார்:

"தம்பி, என்ட மழையில ஒரு நாள் பிழையா இரிக்கி."

"மழை பிழைச்சா எனக்கென்ன காக்கா, நானா பெய்யிற?" என்றார் கிளாக்கர், அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

"பன்ரெண்டு வருசம் முத்தத்துல தகரம் வெச்சி அளந்து, கொப்பியெல்லாம் உங்கட கந்தோருக்குத் தந்தனே, அது. நீங்க டைப் அடிச்சி அனுப்பின தாளப் பாருங்க. இந்த நாளுக்கு நான் ஒண்டும் எழுதல்ல. நீங்க பூச்சியம் போட்டிரிக்கிங்க."

"விடுபட்டா பக்கத்து ஊர் அளவப் பாத்துப் போடுவம். கேக்கிறவங்களுக்கு முழுசாக் குடுக்கணுமே."

"அண்டைக்குத்தான் என்ட பொண்டாட்டிய அடக்கினம். கபுறுக்குள்ள தண்ணி நிண்டிச்சி. கொழும்புல இத எடுத்துப் படிக்கிறவன் வெயில் நாளெண்டு நினைப்பானே."

கிளாக்கர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எவ்வளவு பெய்ஞ்ச காக்கா?"

"அளக்கல்ல தம்பி."

"அளக்காதத எழுத ஏலாதே."

"ஓம், அது தெரியும்."

கிளாக்கர் மடியிலிருந்த தாள்கட்டை அவிழ்த்து, கந்தோர்ப் பிரதியைத் தேடி எடுத்தார். பூச்சியத்தைப் பேனையால் வெட்டினார். "இப்ப இதில என்ன போட?"

"ஒண்டும் போடாதீங்க. வெறுமையாவே கிடக்கட்டும். அண்டையிலிருந்து வீடும் அப்பிடித்தான் கிடக்கு."