பதினெட்டுக் கண் கார்

— ...அவசரப்படாதையும் மாகிரட். விலையைச் சொன்ன பிறகுதான் நீர் கைப்பையைத் தூக்கவேணும். பிரிட்ஜ் வாங்கேக்க என்ன நடந்தது? கடைக்காரப் பெடியன் வாயைத் திறக்க முன்னம் நீர் றோட்டில. நான் துரத்திப் பிடிக்கிறதுக்குள்ள பஸ் ஏறி நியூ லின்னுக்கே போய்ச் சேந்திட்டீர்.

— நியூ லின்னுக்கில்லை, அடுத்த ஸ்டொப்பில இறங்கிட்டன். எல்லாத்தையும் பத்து மடங்காக்கிறது உங்களுக்கொரு வருத்தம்.

— சரி, அடுத்த ஸ்டொப். ஆனா விலை விழுந்ததோ இல்லையோ? கட்டில், சோபா, பிரிட்ஜ்! ஏன், நாங்கள் ரெண்டு பேரும் கடைசியாப் படுக்கப்போற இடத்தையும் உந்த நாடகம் ஆடித்தானே வாங்கினனாங்கள்? "இந்தாளுக்குப் பக்கத்தில படுக்கமாட்டன்" எண்டு நீர் எழும்ப, சவக்காலைக் கந்தோர் வெள்ளைக்காரன் வெலவெலத்துப் போனானே!

— அண்டைக்கு நான் நடிக்கேல்லை.

— ஹா! உந்த முகந்தான் வேணும்! அதைக் கழட்டாதையும். நான் காரைக் கண்டு மயங்குறன். நீர் காரையும் என்னையும் சேத்துவைச்சுப் பேசும். விலை வாயால வந்த உடன கைப்பை. பஸ் ஸ்டொப் பக்கம் ஆறுதலா நடக்கவேணும், அவன் ஓடிவந்து மறிக்க நேரம் குடுத்து. விளங்கிச்சோ?

— நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருப்பியளோ?

— சொல்லும், சொல்லும். முப்பது வருஷம் ஒக்லண்ட் பஸ் ஓடினவன் நான். நான் கேக்காத பேச்சோ? ஆனா ஒண்டு, உந்தக் கடையைத் தேடிப் பிடிச்சது நீர். அதுக்கு உமக்கொரு மாலை போடவேணும்.

— மாலையைப் பிறகு போடுங்கோ. பெடியன் கார்த் திறப்போட வாறார்.

— வணக்கம் நோபேட் சார், வணக்கம் மேடம். போன்ல பேசுனேனே, விக்னேஷ், திருச்சிக்காரன். காரைச் சுத்திப் பாத்தீங்களா? போன வாரம்தான் கப்பல்ல இருந்து இறங்குச்சு. புது மாடல். அமெரிக்காக்காரன் வலது பக்கம் ஸ்டீரிங் வச்சு அனுப்புன முதல் செட்டு.

— தம்பி, இது கப்பலில வந்ததோ, கப்பல் இதில வந்ததோ? சத்தியமாச் சொல்லுறன், முன் பம்பர் இஞ்ச ஒடாஹுஹுவில நிண்டா பின் பம்பர் ஒனிஹங்காவில நிக்கும். டிக்கிக்குள்ள பந்தி போட்டு ஒரு கலியாண வீட்டையே முடிக்கலாம்!

— எங்கட கராஜுக்குள்ள இது பாதிதான் போகும்.

— கராஜை இடிச்சுப் பெருசாக் கட்டுவம்.

— வீட்டையும் சேத்து இடியுங்கோ. இதுக்குள்ளயே சமைச்சுச் சாப்பிட்டுக் கிடப்பம்.

— பாத்தீரோ தம்பி? ஆசைக்கொரு கார் பாக்க விடமாட்டாள் மனுசி.

— பரவால்ல சார், எல்லா வீட்டுலயும் இதே கதைதான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து பேசலாம். லைசன்ஸ் மட்டும் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கறேன். ...சார், இது அடுத்த மாசம் முடியுதே.

— என்ர எழுபத்தைஞ்சாவது பிறந்தநாளோட முடியும். புதுப்பிக்கிறது சின்ன அலுவல்.

— எழுபத்தஞ்சுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும் சார். கண்ணெல்லாம் செக் பண்ணி எழுதித் தரணும்.

— தருவார். என்ர டொக்டர் தங்கமான மனுசன். என்ன மாகிரட்?

— அவரைக் கேக்கவேண்டியதை ஏன் என்னட்டக் கேக்கிறியள்?

— சரி சார், பாத்துக்கலாம். மேடம், நீங்க முன்னாடி ஏறிக்கோங்க, நான் பின்னாடி. ஒனிஹங்கா துறைமுகத்துக்கிட்ட ஒரு பெரிய காலி இடம் இருக்கு. அங்க போய்த் திருப்பிப் பாக்கலாம்.

— ஆகா! மாகிரட், சத்தம் கேக்குதோ? இல்லை! எஞ்சின் வேலை செய்யுதோ நித்திரை கொள்ளுதோ எண்டே தெரியேல்லை. கதிரையைப் பாரும், மெத்தை மாதிரி. இதில ஏறி இருந்தா மந்திரிமாரே எனக்குச் சலாம் போடுவினம்.

— சிவப்பு.

— தெரியும்.

— சிவப்பெண்டுறன்! ...ம். பச்சை. எடுங்கோ. இடப்பக்கம் சைக்கிள்.

— கண்டிட்டன்.

— காணேல்லை. இன்னும் பக்கத்திலதான் வாறான். பொறுங்கோ. பொறுங்கோ. இப்ப போங்கோ. முன் லொறி பிறேக் பிடிக்கிறான். கடவையில ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளையள்.

— மேடம், எப்பவுமே இப்படிச் சொல்லிக்கிட்டேதான் வருவீங்களா?

— பழகிப்போச்சு தம்பி.

— மனுசிக்குப் பயம், வேற ஒண்டுமில்லை. கலியாணம் கட்டின அண்டு தொட்டு இந்த றேடியோ ஓயாது. பாடட்டும் எண்டு விட்டிடுவன். காதிலயே எடுக்கிறேல்லை.

— றவுண்டபவுட். வலப்பக்கம் பஸ் வருது. நில்லுங்கோ. பஸ்! பஸ்!

— சார்! பிரேக்! பிரேக் போடுங்க சார்!

— ...என்ன உது? ஆர் நிப்பாட்டினது?

— கார் தானா நின்னுடுச்சு சார். நீங்க பிரேக்ல காலே வைக்கல.

— மாகிரட்! பாத்தீரோ! தானா நிண்டிட்டுது! பதினெட்டுக் கண் இதுக்கு! மூக்கில, வாலில, விலாவில, கண்ணாடியில, எல்லா இடமும் கண். ஆண்டவர் மனுசனுக்கு ரெண்டுதான் வைச்சார். அமெரிக்காக்காரன் காருக்குப் பதினெட்டு வைச்சிருக்கிறான்!

— பன்னெண்டுதான் சார்.

— பதினெட்டு. நான் வீட்டில பேப்பரைப் பாத்து எண்ணினனான்.

— பஸ்காரன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்கிறான். அவனை விட்டிட்டு எடுங்கோ.

— நான் ஓடின ரூட்டில எனக்கே ஹோர்ன் அடிக்கிறான், பாருமன்!

— அவனுக்கு உங்களைத் தெரியாது. அவன்ர முதுகுக்குப் பின்னால இருபது சனம் இருக்குது.

— சார், மெதுவா. இந்த கேட்டுக்குள்ள விடுங்க. ஆங், அப்படியே. அங்க நாலு ஆரஞ்சுக் கோன் வச்சிருக்கேன். அதைச் சுத்தி ஒரு எட்டு போடுங்க, போதும்.

— வாங்க வாற எல்லாருக்கும் உப்பிடி வைக்கிறனீரோ?

— பெரிய காருக்கு வைக்கிறதுதான் சார். கேமராவை ஆஃப் பண்ணிடுறேன். வண்டி வளையறது கைக்குத் தெரியணும்ல.

— அதின்ர கண்ணைக் கட்டிப்போட்டு ஓடவோ?

— அதின்ர கண்ணைத்தானே கட்டுறார். உங்கட கண் இருக்குதே.

— இருக்குது! ஏன் இல்லாம? ரெண்டு மாடி பஸ்ஸைச் சந்துக்குள்ள திருப்பினவன் நான்.

— அப்ப ஓடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். றேடியோவைப் பூட்டிட்டன்.

— பாரும். இந்தா, முதலாவது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போச்சுது. ...மற்றது எங்க? மாகிரட்?

— ...

— ஏன் ரெண்டு பேரும் மூச்சுவிடாம இருக்கிறியள்? செத்த வீடோ இது? ...என்ன சத்தம்?

— கோன் சார். ரெண்டாவது.

— பள்ளமெண்டு நினைச்சன்.

— மூணாவதும் போச்சு. நிறுத்துங்க சார். அடியில சிக்கிக்கிட்டு இழுக்குது. நிறுத்துங்க!

— காத்துக்கு உருண்டு வந்திருக்கும். மனுக்காவுக் கடற்காத்தெல்லே, யானையையே தூக்கும்.

— காத்து எங்கயப்பா? கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்குது.

— கோன் வைச்ச இடம் பிழை. தம்பி, இறங்கிப் போய்த் திருப்பி... மாகிரட், ஏன் கைப்பையைத் தூக்குறீர்? இப்ப இல்லை! தம்பி இன்னும் விலையே சொல்லேல்லை!

— நான் நடிக்கேல்லை.

— வலு திறம்! ஆனா கட்டம் பிழை. முதல் அவர் விலையைச் சொல்ல...

— நோபேட்.

— ...என்ன?

— நாப்பத்தெட்டு வருஷத்தில உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறனோ? இண்டைக்குக் கூப்பிடுறன். கேளுங்கோ. கோட்டுப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சு வைச்ச கடிதத்தை நான் வாசிச்சிட்டன். ரெண்டு பக்கப் பார்வையும் போயிட்டுதாம். ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி நடு மட்டுந்தான் மிச்சமாம். லைசன்ஸுக்குக் கையெழுத்து வைக்கேலாது, இனி ஓடக்கூடாது எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். எழுதி ரெண்டு மாசம்.

— தம்பிக்கு முன்னால உதைக் கதைக்கவேணுமோ?

— தம்பிக்கு முன்னாலதான் கதைக்கவேணும். வீட்டில கதைச்சா ஒரு பகிடியை விட்டு என்னைக் கலைச்சிடுவியள்.

— சார், டாக்டரே ஓட்டக்கூடாதுன்னு எழுதிட்டாரா? அப்புறம் எதுக்கு சார் கார் பாக்க வந்தீங்க?

— கார் பாக்கும் எண்டுதான் தம்பி! வேற என்னத்துக்கு? எனக்குப் பக்கம் தெரியேல்லையெண்டா பக்கத்தைக் கார் பாக்கட்டும். நான் நடுவைப் பாக்கிறன். இதைக் கொண்டுபோய் டொக்டற்ற வாசலில விட்டு, அவரை ஏத்தி, ஒருக்காச் சுத்திக் காட்டினா மனம் மாறமாட்டாரோ? பதினெட்டுக் கண்ணோட என்ர ரெண்டையும் கூட்டினா இருபது! ஒக்லண்டில ஆருக்கு இருக்குது இருபது கண்?

— கார் எத்தனை கண்ணால பாத்தாலும் லைசன்ஸ் ஆளுக்குத்தான் சார் குடுப்பாங்க. காருக்குக் கிடையாது.

— நீர் கார் விக்க வந்தனீரோ, பறிக்க வந்தனீரோ?

— வித்தா எனக்கு நல்லதுதான் சார். ஆனா அந்த பஸ் வந்தப்ப பின்சீட்ல இருந்தவன் நான்.

— ரெண்டு வருஷமா நான்தான் உங்கட ரெண்டு பக்கமும். சிவப்பெண்டு, பச்சையெண்டு, பிள்ளை கடக்குதெண்டு. வாய் நோகச் சொல்லிக்கொண்டு வாறன். போன மாசம் ஒடாஹுஹு மீன் கடையடியில எனக்கொரு தும்மல் வந்தது. ஒரேயொரு தும்மல். நான் தும்மி முடியிறதுக்குள்ள, பிள்ளைத் தள்ளுவண்டியோட ஒரு தாய்... ஒரு முழம். ஒரு முழந்தான் இடையில. அந்தப் பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு றோட்டிலயே குந்திட்டாள். நீங்கள் காணேல்லை. விசிலடிச்சுக்கொண்டு போனனீங்கள்.

— ...நீர் சொல்லேல்லையே.

— சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?

— ...ஒரு முழமெண்டா கன தூரம் எண்டிருப்பன்.

— ஓம்.

— ...பிள்ளைக்கு என்ன வயசிருக்கும்?

— ஆறு மாசம். மஞ்சள் தொப்பி போட்டிருந்தது.

— மாகிரட், ஸ்டியரிங்கை விட்டா எனக்கு என்ன மிச்சம்? வீட்டில நான் என்ன, சுவரில தொங்குற படத்துக்குப் பக்கத்தில இன்னொரு படமோ? பஸ்ஸால இறங்கேக்க ஒவ்வொரு சனமும் "தாங்க் யூ டிரைவர்" எண்டு சொல்லிட்டுத்தானே இறங்கும். முப்பது வருஷம். ஒரு கோடிப் பேர் சொல்லியிருப்பினம்.

— கோடியோ?

— சரி, சில லட்சம். அவையில ஒருத்தருக்கும் என்ர பேர் தெரியாது. டிரைவர். அவ்வளவுதான் நான்.

— அந்தச் சில லட்சம் பேரில ஒருத்தரையும் நீங்கள் இடிக்கேல்லை. ஒரு பூனையைக்கூட இடிக்கேல்லை. அந்தக் கணக்கோடயே நிப்பாட்டுங்கோ எண்டுதான் கேக்கிறன். திறப்பைத் தாங்கோ.

— அடுத்த மாசம் வரைக்கும் லைசன்ஸ் கையில இருக்குது.

— இருக்கட்டும். நான் இப்ப இறங்கி உண்மையாவே பஸ் ஏறுவன். இனி உங்களோட ஒரு காரிலயும் ஏறமாட்டன். பக்கத்தில சொல்ல ஆளில்லாம, தனிய, பள்ளிக்கூடம் விடுற நேரமாப் பாத்து ஓடிப் பாருங்கோ.

— மாகிரட்...

— தாங்கோ.

— ...இந்தாரும். பிடியும்.

— சார், தண்ணி ஏதாவது...

— வேண்டாம் தம்பி. முப்பது வருஷத்தில ஒரு இன்ஸ்பெக்டராலயும் ஏலாததை ஒரு கைப்பையோட வந்து செய்திட்டாள். சரி, எல்லாம் முடிஞ்சுது. வீட்டில ரெண்டு பேரும் இனி லைசன்ஸ் இல்லாத ஆக்கள், எங்களுக்கு ஏன் காரும் கப்பலும்? நீர் முன்னுக்கு வாரும். இதை ஓட்டிக்கொண்டுபோய்க் கடையில விடும்.

— நான் ஓட்டல சார். மாகிரட் ஆன்ட்டி, சீட்டை முன்னாடி இழுத்துக்கோங்க, கண்ணாடியைச் சரி பண்ணிக்கோங்க. ஒன்றரை வருஷமா செவ்வாய்க்கிழமை ஆனா அந்தோனியார் கோயிலுக்குப் போறேன்னு சார்கிட்ட சொல்லிட்டு வந்து, இதே இடத்துல என்கிட்டதானே ஓட்டப் பழகுனீங்க. போன வாரம் டெஸ்ட்ல பாஸ் பண்ணப்ப எடுத்த மாதிரியே நிதானமா எடுங்க.